எத்தனை ஜிபிங்க? – அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் வரலாற்றில் ஏமாற்றிய எண்கள்



கேம் விளையாடப் புதுசாக ஒரு டெஸ்க்டாப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபிங்க?" இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்ற கேள்வி இருந்தது. ஒவ்வொரு காலத்திலும் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு எண் இருந்திருக்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பலர் ஏமாந்தும் இருக்கிறார்கள்.

எங்கள் நெருப்பெரிச்சல் பக்கம் லீவு நாட்களில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போய், வாரச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கம்ப்யூட்டர் வாங்குகிற பையன்கள் உண்டு. அந்தப் பணத்தைத் தப்பான இடத்தில் போட்டால் மறுபடி சேர்க்க ஒரு வருஷம் ஆகும். அதனால் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது காசுக்கு நல்லது :)

முதலில் ஒரு பனியன் கம்பெனி

நூல் வாங்கி நிட்டிங் போக வேண்டும். அப்புறம் டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் கட்டிங் மாஸ்டர் ஒரு நாளைக்கு 2000 பீஸ் வெட்டித் தருகிறார், தையல் லைனில் 1000 பீஸ்தான் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பெட்டிக்குள் போவது 1000 பீஸ்தான். மீதி 1000 கட்டுக் கட்டாக டேபிளுக்கு அடியில் கிடக்கும். இந்த நிலையில் இன்னொரு கட்டிங் மெஷின் வாங்கினால் என்ன ஆகும்? டேபிளுக்கு அடியில் கிடக்கும் கட்டுகள் அதிகமாகும், அவ்வளவுதான்.

இதைத் திருப்பூர் ஒருமுறை மிகக் கசப்பாக அனுபவித்தது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நிட்டிங் மெஷின் இருந்தது, தையல் மெஷின் இருந்தது, ஆள் இருந்தார்கள், ஆர்டரும் இருந்தது. சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி இல்லை. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வரவேண்டிய நிலை. அந்த நாட்களில் திருப்பூரின் வேகம் என்பது சாயத்தின் வேகம்தான். ஆற்றைக் காப்பாற்ற அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். இங்கே நான் சொல்ல வருவது சங்கிலியைப் பற்றி மட்டும்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது காஸ்ட் அக்கவுண்டிங்கில் வரும் 'கீ பேக்டர்'தான். எது குறைவாக இருக்கிறதோ, எது மற்ற எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறதோ, அதை முதலில் கண்டுபிடி என்பார்கள். கணினித் துறையில் இதைக் கணக்காகச் சொன்னவர் ஜீன் அம்டால். 1964-ல் வெளிவந்த ஐபிஎம் சிஸ்டம்/360 கணினியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். 1967-ல் ஒரு மாநாட்டில் அவர் வைத்த வாதம் பிற்பாடு அம்டால் விதி என்று பெயர் பெற்றது. ஒரு வேலைக்கு 100 நிமிடம் ஆகிறது, அதில் 80 நிமிட வேலையை வேகப்படுத்தலாம், 20 நிமிட வேலையை வேகப்படுத்த முடியாது என்றால், அந்த 80-ஐப் பூஜ்யமாகவே ஆக்கினாலும் 20 நிமிடம் மிஞ்சும். ஆக மொத்தம் 5 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்கவே கிடைக்காது.

சரி, கதைக்கு வருவோம்.

அசெம்பிள் செய்ய வழி திறந்தது எப்படி?

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் இருந்தது இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இந்த 8088-க்கு ஒரு விசேஷம் உண்டு. உள்ளே 16 பிட் கணக்குப் போடும், வெளியே தகவல் போய்வரும் பாதை மட்டும் 8 பிட். இதன் அண்ணன் 8086-க்கு உள்ளேயும் வெளியேயும் 16 பிட். அப்படியும் ஐபிஎம் 8088-ஐ எடுத்ததற்குக் காரணம், 8 பிட் பாதைக்குத் தேவையான மற்ற சில்லுகள் மலிவு. அதாவது முதல் பிசியே ஒரு பட்ஜெட் கணக்கில் பிறந்ததுதான்.

ஐபிஎம் பெரும்பாலான பாகங்களை வெளியில் கிடைத்தபடியே வாங்கிச் சேர்த்தது, அமைப்பின் விவரங்களையும் புத்தகமாக வெளியிட்டது. அதனால் 1982-ல் காம்பேக் நிறுவனம் அதே மாதிரி இன்னொன்றைச் செய்து காட்ட முடிந்தது. பிறகு எத்தனையோ பேர். போர்டு ஒருவர், ப்ராசசர் ஒருவர், ரேம் ஒருவர் என்று தனித்தனியாக வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் வழக்கம் உலகம் முழுக்க வந்தது.

நம் நாட்டுக்கு இது உடனே வரவில்லை. காரணம் வரி. 1984-ல் வந்த புதிய கணினிக் கொள்கை கொஞ்சம் கதவைத் திறந்தது. 1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உச்ச சுங்கவரியை 150 சதவீதம் ஆக்கினார். ஏற்றி அல்ல, குறைத்து 150! 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி கணினி, உதிரிபாகங்கள் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005-ல் பூஜ்யம் ஆனது.

இந்த இடைப்பட்ட காலத்தில்தான் சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெரு தமிழ்நாட்டுக்கே கம்ப்யூட்டர் சந்தையாக ஆனது. ரேடியோ உதிரிபாகம் விற்ற தெரு அது. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் அசெம்பிள் செய்து தரும் சின்னச் சின்னக் கடைகள் முளைத்தன. கம்பெனி பிராண்டு வாங்க முடியாத வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது இந்தக் கடைகள் வழியாகத்தான். அதோடு சேர்ந்து, எதை எதோடு சேர்ப்பது என்ற பொறுப்பும் பெரிய கம்பெனியிடமிருந்து நம் தலைக்கு வந்தது. இதைப் பல பேர் கவனிக்கவில்லை.

150-ஐ 200 என்று விற்ற கதை

1993 டிசம்பரில் டூம் வந்தது. அதை நன்றாக ஓட்ட நல்ல 486 ப்ராசசர் வேண்டும் என்றார்கள். ப்ராசசர் மட்டும் வேகமாக இருந்தால் போதுமா? படத்தைத் திரைக்கு அனுப்பும் பாதை பழைய ஐஎஸ்ஏ ஆக இருந்தால் 486-ம் திணறியது. அதே ப்ராசசர், புதிய விஎல்பி அல்லது பிசிஐ பாதையில் நன்றாக ஓடியது.

1996-ல் இன்னும் பெரிய பாடம் வந்தது. அப்போது சைரிக்ஸ் என்ற நிறுவனம் 6எக்ஸ்86 என்ற ப்ராசசரை விற்றது. பெயர் பி200+. உண்மையான வேகம் 150 மெகாஹெர்ட்ஸ். "200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்குச் சமம்" என்பது அந்தப் பெயரின் பொருள். ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள், ஆபீஸ் வேலைகளில் அது உண்மையாகவே சமமாக ஓடியது. கணக்கு எழுத, கடிதம் அடிக்க அது நல்ல மெஷின்தான்.

அதே 1996-ல் குவேக் வந்தது. முழு முப்பரிமாண விளையாட்டு. அதை எழுதியவர்கள் பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதியை முழுசாகப் பயன்படுத்தி எழுதியிருந்தார்கள். சைரிக்ஸில் அந்தப் பகுதிதான் பலவீனம். ஆபீஸ் வேலையில் 200 ஆக இருந்த எண், குவேக் முன்னால் சரிந்துவிட்டது. 1997-ல் சைரிக்ஸை நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியது, 1999-ல் அது வியா நிறுவனத்திடம் போனது. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கேம் விளையாடுகிறவர்களிடம் அதன் பெயர் கெட்டது குவேக்கினால்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. 'நல்ல கம்ப்யூட்டர்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த வேலைக்கு என்று சொன்னால்தான் நல்லதா இல்லையா என்று சொல்ல முடியும். டேலி ஓட்ட நல்லது குவேக்குக்கு நல்லதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேஷ் இல்லாத செலரான், பசியோடிருந்த பென்டியம் 4

1998 ஏப்ரலில் இன்டெல் செலரான் 266 வந்தது. பென்டியம் 2-ல் 512 கேபி இரண்டாம் நிலை கேஷ் இருக்கும். விலையைக் குறைக்க இதில் அதை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பெட்டியில் 266 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது, அது பொய் இல்லை. ஆனால் இரண்டாம் நிலை கேஷ் இல்லாததால் அடிக்கடி மெதுவான ரேம் வரை போய் வந்தது. தையல்காரர் பக்கத்தில் பீஸ் கட்டு வைக்காமல், ஒவ்வொரு பீஸுக்கும் குடோன் வரை எழுந்து போகச் சொன்ன மாதிரி.

நான்கே மாதத்தில், ஆகஸ்டில், செலரான் 300ஏ வந்தது. 128 கேபி கேஷ் மட்டும்தான், ஆனால் ப்ராசசரின் முழு வேகத்தில் ஓடியது. அந்தச் சின்னச் சேர்க்கையில் அது ராஜா ஆகிவிட்டது. பலர் அதை 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி விலை உயர்ந்த பென்டியம் 2-க்குப் போட்டியாக ஓட்டினார்கள். 266-க்கும் 300-க்கும் எண்ணில் வித்தியாசம் 34. அனுபவத்தில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

அடுத்தது பென்டியம் 4. 2000 நவம்பரில் வந்தது. அது நினைவகத்திலிருந்து வினாடிக்கு 3.2 ஜிபி தகவல் வாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு ஏற்ற ரேம் ஆர்டிரேம் என்ற வகை, விலை மிக அதிகம். 2001 செப்டம்பரில் இன்டெல் 845 சிப்செட் வந்து, மலிவான பழைய எஸ்டிரேமையே போட வழி செய்தது. பிசி133 எஸ்டிரேம் தருவது வினாடிக்குச் சுமார் 1.06 ஜிபி. மூன்று இட்லி கேட்கிற பிள்ளைக்கு ஒரு இட்லி வைத்த கதை! விளம்பரத்தில் ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருந்தது, ரேம் எந்த வகை என்பது சின்ன எழுத்தில்.

வழியே இல்லாத போர்டு

நம் ஊர் வீடுகளுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட கதை இது. 2002 வாக்கில் 845ஜிவி, அதற்கடுத்த வருஷம் 865ஜிவி என்ற சிப்செட்டுகள் வந்தன. கிராபிக்ஸ் போர்டிலேயே இருக்கும், தனிக் கார்டு தேவையில்லை, விலை குறைவு. பிரவுசிங் சென்டருக்கும் ஆபீஸுக்கும் அருமையான தேர்வு.

2003-ல் ஜிடிஏ வைஸ் சிட்டி கம்ப்யூட்டருக்கு வந்தது. அதை விளையாடாத பையன் எங்கள் தலைமுறைக்கு முந்தைய அண்ணன்களில் யாராவது உண்டா? போர்டில் இருக்கும் கிராபிக்ஸில் அது தடுமாறியது. சரி, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடலாம் என்று பெட்டியைத் திறந்தால்... ஏஜிபி ஸ்லாட்டே இல்லை! 'ஜிவி' என்ற இரண்டு எழுத்தின் பொருள் அதுதான். மிச்சம் இருந்தது பிசிஐ ஸ்லாட். ஏஜிபி 4எக்ஸ் பாதையில் வினாடிக்குச் சுமார் 1 ஜிபி போகும், பிசிஐயில் 133 எம்பி, அதுவும் மற்ற பாகங்களோடு பங்கு போட்டு. 'வி' இல்லாத 845ஜி போர்டில் அந்த ஸ்லாட் இருந்தது. கொஞ்சம் காசு மிச்சம் பிடித்தவர்களுக்கு நாளைய வழி அடைபட்டது.

பெரிய குடோன், சின்ன கேட்

பத்து வருஷம் தள்ளி வருவோம். 2014-ல் என்விடியாவின் இரண்டு கார்டுகள் வந்தன. பிப்ரவரியில் ஜிடிஎக்ஸ் 750டிஐ, ஜூனில் ஜிடி 730. இரண்டாவதில் டிடிஆர்3 நினைவகத்தோடு 4 ஜிபி வரை போட்டு விற்றார்கள். முதலாவதில் பரவலாகக் கிடைத்தது 2 ஜிபி ஜிடிடிஆர்5. "4 ஜிபி பெரிசா, 2 ஜிபி பெரிசா?" என்று கேட்டால் பதில் சுலபம் போலத் தோன்றும்.

ஆனால் டிடிஆர்3 ஜிடி 730-ல் நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே வினாடிக்குப் போகும் தகவல் அதிகபட்சம் 28.8 ஜிபி, சில மாடல்களில் அதில் பாதிதான். 750டிஐயில் 86.4 ஜிபி. சிப்பின் சக்தியிலும் பெரிய வித்தியாசம். குடோன் எவ்வளவு பெரிசாக இருந்தும் என்ன, கேட் வழியாக ஒரு டெம்போ மட்டும்தான் போகும் என்றால்? கேமில் 750டிஐ வெகுதூரம் முன்னால் போய்விட்டது.

ஜிபி எண் எப்போதுமே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2023-ல் ஆர்டிஎக்ஸ் 4060டிஐ ஒரே சிப்பில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையாக வந்தது. பல கேம்களில் இரண்டும் ஒன்றுபோல ஓடின. மிக உயர்ந்த டெக்ஸ்சர் வைத்த சில புதிய கேம்களில் 8 ஜிபி நிரம்பித் திணறியது. அதாவது அந்த எண் கீ பேக்டராக ஆகும்போது மட்டும் அதற்கு மதிப்பு.

எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழ்நாட்டுக் கதை முழுமையாகாது. 2012-ல் சென்னைக்கு வெளியே எத்தனை மணி நேரம் கரண்ட் போனது என்று பனியன் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் பொருமுவார்கள். அந்தக் காலத்திலும் கேபினட்டோடு சேர்த்து 'இலவசமாக' வந்த எஸ்எம்பிஎஸ்ஸை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தால், 12 x 16 = 192 வாட். இன்றைய ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் குடிப்பது இந்த 12 வோல்ட் லைனைத்தான். 450 என்பது ஸ்டிக்கர், 192 என்பது உண்மை.

விலை மாறினால் கணக்கும் மாறும்

2018 பிப்ரவரியில் ஏஎம்டி ரைசன் 3 2200ஜி வந்தது. உள்ளேயே நல்ல கிராபிக்ஸ், அறிவித்த விலை 99 டாலர். குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு அது வரம். ஆனால் அதன் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்தும். 8 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டால் ஒரு வழிப்பாதை. 4 ஜிபியாக இரண்டு குச்சி போட்டால் இரு வழிப்பாதை. மொத்தம் அதே 8 ஜிபிதான், கேமில் தெரியும் வித்தியாசம் பெரிது.

2020 முதல் 2022 வரை கொரோனாத் தட்டுப்பாட்டாலும் கிரிப்டோ மைனிங்காலும் கிராபிக்ஸ் கார்டு விலை தாறுமாறாக ஏறியது. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முறையைக் கைவிட்டது. 2025 கடைசியில் அடி விழுந்தது ரேமுக்கு. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ள, சில மாதங்களிலேயே ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் நுகர்வோர் பிராண்டிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. போன வருஷம் நண்பன் வாங்கிய லிஸ்டை அப்படியே காப்பியடித்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

இந்த நாற்பது வருஷக் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றிய வரிசை இது.

1. முதலில் மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். திரை பெரிதானால் கிராபிக்ஸ் கார்டின் வேலை நாலு மடங்காகும், ப்ராசசரின் வேலை பெரிதாக மாறாது. ஒரே ஜோடி ஒரு திரையில் பொருத்தமாகவும் இன்னொரு திரையில் பொருந்தாமலும் இருப்பது இதனால்தான்.

2. பிறகு என்ன கேம், எத்தனை பிரேம். போட்டி விளையாட்டில் 144 பிரேம் வேண்டும் என்றால் ப்ராசசருக்கு வேலை அதிகம். அழகான கதை விளையாட்டை 60 பிரேமில் ரசிக்க வேண்டும் என்றால் கார்டுக்கு வேலை அதிகம்.

3. அதற்கேற்ற கார்டு, அந்தக் கார்டைக் காத்திருக்க வைக்காத ப்ராசசர். ப்ராசசர் வினாடிக்கு 60 பிரேம்தான் தயார் செய்யும் என்றால், 120 வரையக்கூடிய கார்டும் 60தான் காட்டும். மீதி டேபிளுக்கு அடியில்.

4. ரேம் இரண்டு குச்சியாக. கேம் போட எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்கப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

5. எஸ்எம்பிஎஸ்ஸில் வாட்டைப் பார்க்காமல் 12 வோல்ட் ஆம்பியரைப் பார்க்கவும்.

6. போர்டில் நாளைக்கு என்ன சேர்க்க முடியும் என்று பார்க்கவும். 'ஜிவி'யை மறக்க வேண்டாம்.

7. கடைசியாக பில். "பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் குறைச்சுத் தர்றேங்க" என்று யாராவது சொன்னால் ஆசைப்படாதீர்கள். அசெம்பிள்டு மெஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. சீரியல் நம்பரோடு இருக்கும் பில்தான் அதற்குச் சாட்சி.

கடைக்காரர் மேலும் குறை சொல்ல முடியாது. நாம் ஒரு எண்ணைக் கேட்டால் அவரும் அந்த எண்ணைத்தான் விற்பார். அடுத்த முறை போகும்போது "எத்தனை ஜிபிங்க?" என்பதற்குப் பதிலாக, "இந்த லிஸ்டில் எது முதலில் திணறும்ங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கடைக்காரர் கொஞ்சம் யோசித்து ஒரு பாகத்தைக் காட்டுவார். மிச்சம் இருக்கும் காசை அங்கே போடுங்கள்.